அட்டையில் உள்ளபடி

எங்கள் துறையின் பெயர் பொதுப் படிவங்கள் துறை. மற்றத் துறைகளுக்கு வேண்டிய படிவங்களைத் தயாரித்துக் கொடுப்பது எங்கள் கடமை. ஒரு மனிதன் பிறந்துவிட்டான் என்று எழுதவும், இன்னும் சாகவில்லை என்று எழுதவும் நாங்கள்தான் கட்டம் போட்டுத் தருகிறோம். ஐந்து மாடிக் கட்டடம், ஒரே ஒரு லிஃப்ட், இருநூற்றுப் பதினான்கு பேர். இத்தனை பேரும் பல ஆண்டுகளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, எந்த ஒழுங்குமுறையும் இல்லாமல் வாழ்ந்து வந்தோம். இந்த அவல நிலையைப் போக்கத்தான் அடையாள அட்டை வந்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. எந்த ஊழியரின் பதவிப் பெயரும் காதுக்குத் தாழ்வாகக் கேட்கக் கூடாது என்று அதில் கண்டிருந்தது. சம்பளத்தைத் தொடாமல் மரியாதையை மட்டும் கூட்டுகிற திட்டம் என்பதால் ஒரே நாளில் அமலுக்கு வந்துவிட்டது. பெருக்குகிற அம்மா 'தூய்மை மேலாளர்' ஆனார். வாசலில் உட்கார்ந்திருப்பவர் 'நுழைவு ஆலோசகர்' ஆனார். லிஃப்ட் ஓட்டுகிறவர் 'மின்தூக்கி இயக்குநர்' ஆனார்.

அட்டையோ சின்னது. அதில் பாதி துறையின் முத்திரை. கால்வாசி, அட்டையைத் தொலைத்தால் என்ன கதி என்ற எச்சரிக்கை. மிச்சத்தில் புகைப்படம் போக, பதவிக்கு ஒரு சொல்தான் கொள்ளும். இரண்டு சொல் பதவிகளில் முதல் சொல்லைப் போடுவதா, கடைசிச் சொல்லைப் போடுவதா என்று விளக்கம் கேட்டு ஒரு கோப்பு மேலே போனது. இன்னும் இறங்கி வரவில்லை. அட்டை அடித்த தட்டச்சர் பாரபட்சம் அறியாத மனிதர். மதியச் சாப்பாட்டுக்கு முன் அடித்த அட்டைகளில் முதல் சொல்லை வைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து அடித்தவற்றில் கடைசிச் சொல்லை வைத்தார்.

விளைவுகள் பலவிதம். இணை இயக்குநருக்கு ஐம்பத்தேழு வயது, கல்யாணமாகாதவர். 'இணை' என்று எழுதிய அட்டையை மார்பில் தொங்கவிட்டபடி நடக்க ஆரம்பித்ததிலிருந்து தலையை நன்றாக வாரிக்கொண்டு வந்தார். நான் தலைமை எழுத்தர். எனக்கு வெறும் 'தலைமை' என்று வந்தது. நான் ஆட்சேபம் ஏதும் தெரிவிக்கவில்லை.

எங்கள் துறை இயக்குநர் அப்போது ஊரில் இல்லை. எளிமையான நிர்வாகம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள மூன்று மாதப் பயிற்சிக்காக விமானத்தின் முன்வரிசையில் ஏறி வெளிநாடு போயிருந்தார். எளிமை அப்போது பெரிய நாகரிகம். காரில் வருகிற அதிகாரிகள் முந்தின தெருவிலேயே இறங்கி, கைக்குட்டையால் வியர்வையை ஒற்றிக்கொண்டே நடந்து வருவார்கள். டிரைவர் காரை மெதுவாகப் பின்னால் ஓட்டி வருவார்.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண் வேலையில் சேர வந்தார். தேர்வில் முதல் பத்துக்குள் வந்து, பயிற்சி முடித்து, எங்களுக்கு உதவி இயக்குநராக நியமிக்கப்பட்டவர். அவருடைய அட்டை அவருக்கு முன்பே வந்து காத்திருந்தது. அது சாப்பாட்டுக்கு முன் அடித்த அட்டை. அதில் 'உதவி' என்று இருந்தது.

அட்டைகளைக் கொடுப்பவர் கண்காணிப்பாளர். அவர் பதவிக்கு ஒரே சொல் என்பதால் அவர் அட்டையில் எந்தக் கோளாறும் இல்லை. ஆகையால் இந்த முறையில் கோளாறே இல்லை என்பது அவர் முடிவு.

"உதவியா? நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தப் படிவக் கட்டை எடுத்து மூணாம் மாடியில குடுத்துடுங்க" என்றார்.

"சார், நான் உதவி இயக்குநர்."

"அட்டையில இல்லையே."

"நியமன உத்தரவு கையில இருக்கு சார்."

"உத்தரவு காகிதம். அட்டை பிளாஸ்டிக். ரெண்டுல எது நிலைக்கும்னு நீங்களே சொல்லுங்க."

அந்தப் பெண் ஒரு நொடி யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. புதிய அதிகாரிகளைச் சின்ன வேலைகளில் போட்டுச் சோதிப்பார்கள், அப்போது பதவியைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சோதனை முதல் நாளே ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்.

லிஃப்டுக்குள் ஒரு முக்காலியில் முப்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய அட்டை சாப்பாட்டுக்குப் பிறகு அடித்தது. அதில் 'இயக்குநர்' என்று இருந்தது.

"எந்த மாடிம்மா?"

அந்தப் பெண் அட்டையைப் படித்தார். முக்காலியைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார்.

"மூணு... சார், நீங்களேவா லிஃப்ட் ஓட்றீங்க?"

"நான் ஓட்டாம வேற யாரும்மா ஓட்டுவா?"

"இல்ல, உங்க பொறுப்புல இருக்கறவங்க..."

"என்ன பெரிய பொறுப்பு? மேல போறவங்களையும் கீழ வர்றவங்களையும் ஒரே மாதிரி பாத்துக்கணும். நடுவுல மாட்டிக்கிட்டா பதறக்கூடாது. பதினோரு வருஷத்துல நான் கத்துக்கிட்டது அவ்ளோதான்."

மூன்றாம் மாடியில் இறங்கியதும் அந்தப் பெண் முதலில் செய்த காரியம், கட்டைக் கீழே வைத்துவிட்டு இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதுதான்.

லிஃப்ட்காரருக்கும் அன்று மனசு ஒரு நிலையில் இல்லை. பதினோரு வருஷத்தில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நாங்கள் எல்லோரும் உள்ளே நுழைந்ததும் எண்ணைத்தான் சொல்வோம். நான் "நாலு" என்பேன். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது என்பதை இங்கேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கட்டுத் தூக்கி வந்த ஒரு பெண் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாள், கேட்டு எழுதியும் கொண்டாள் என்றால் அவர் என்ன ஆவார்?

அந்த வாரமே லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே அவர்கள் இரண்டு பேர் மட்டும். இதில் விதியின் விளையாட்டு ஒன்றும் இல்லை, அது வாரத்துக்கு இரண்டு தடவை நிற்கும்.

"யாருக்காவது சொல்லணுமே சார்."

"பழுதுப் படிவம் எழுதிக் குடுத்தாத்தான் ஆள் வருவாங்க. படிவம் நாலாம் மாடியில இருக்கு."

"அது ஏழாம் நம்பர் படிவமா? அதுல ஒரு தப்பு இருக்கு சார். 'பழுதான லிஃப்டில் நேரில் வந்து விண்ணப்பிக்கவும்'னு போட்டிருக்கு."

லிஃப்ட்காரர் சிரித்தார். இவ்வளவு விவரம் தெரிந்த பெண் கட்டுத் தூக்குகிறாளே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. இவ்வளவு பெரிய அதிகாரி இப்படிக் குழந்தை மாதிரி சிரிக்கிறாரே என்று அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு நிறைந்தது. நாற்பது நிமிடம் கழித்து ஆள் வந்து கதவைத் திறந்தபோது இரண்டு பேருமே அவ்வளவு சீக்கிரம் வந்ததற்காக அந்த ஆளை முறைத்தார்கள்.

நாங்கள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரிடம் போய், "அம்மா, அவர் லிஃப்ட்காரர்" என்றோ, இவரிடம் போய், "ஐயா, அவர் அதிகாரி" என்றோ சொல்ல எங்களில் யாருக்கும் வாய் இல்லாமல் இல்லை. ஆனால் ஏழை பணக்காரக் காதலும் ஆள் மாறாட்டமுமாகப் படத்தில் பார்க்கிற கதை டிக்கெட் இல்லாமல் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் விளக்கைப் போட யாருக்கு மனசு வரும்? ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்கினோம். இரண்டாம் மாடிக்குப் படியில் போகிற வழக்கமுள்ளவர்கள்கூட ஐந்தாம் மாடிவரை போய்விட்டுத் திரும்பினார்கள்.

லிஃப்ட்காரர் மறைக்கவும் இல்லை. "நான் லிஃப்ட் ஓட்றவன்தாம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்று அவர் நாலு தடவை சொன்னதை நானே கேட்டேன். நாலு தடவையும் அந்தப் பெண் கண் கலங்கி, "என்ன பணிவு!" என்றார்.

இதற்கிடையில் இயக்குநரின் மேசையில் கோப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன. கண்காணிப்பாளர் வேறு வழியில்லாமல் லிஃப்டுக்கு வந்தார்.

"பதினொண்ணுலேருந்து ஒண்ணு வரைக்கும் கூட்டம் கம்மிதானே? மேல வந்து கொஞ்சம் கோப்பு பாத்துடுங்க."

"நான் எப்படிங்க பாக்கறது? எனக்கு லிஃப்ட் மட்டும்தான் தெரியும்."

"அட்டையில என்ன இருக்கு?"

"இயக்குநர்னு இருக்கு."

"அப்பறம் என்னைக் கேக்கறீங்களே!"

அவர் மறுக்க மறுக்க நாற்காலியில் உட்கார்த்தினார்கள். முதல் கோப்பைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. தெரிந்ததை எழுதுவோம் என்று ஓரத்தில் 'மேலே' என்று எழுதினார். அடுத்ததில் 'கீழே' என்று எழுதினார். மேலே போட்டது அமைச்சகத்துக்குப் போனது, கீழே போட்டது பிரிவுக்குத் திரும்பியது. நாற்பது ஆண்டுகளில் எந்த இயக்குநரும் இதைத் தவிர வேறு முடிவு எடுத்ததில்லை. அவர்கள் ஒரு பக்கத்துக்கு எழுதினார்கள், இவர் ஒரு சொல்லில் எழுதினார், அதுதான் வித்தியாசம். மூன்று வாரத்தில் மேசை காலியாகிவிட்டது.

அதற்குள் இரண்டு பேரும் கல்யாணம் என்று முடிவு செய்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார். அவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வீட்டில் மனைவியிடம்கூட 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்றுதான் பதில் சொல்வார். இயக்குநர் பதவிக்குக் குறைந்த எவனும் தன் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது அவர் கொள்கை. அட்டையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், காலி மேசையைப் பார்த்தார்.

"இந்த வயசுல இயக்குநர்! நான் ஐம்பத்திரெண்டுலதான் ஆனேன்" என்று சொல்லி அங்கேயே சம்மதம் தந்துவிட்டார்.

லிஃப்ட்காரரின் அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் துணி தைப்பவர். அவர் கவலை வேறு. "பெரிய படிப்பு, பெரிய உத்தியோகம்னு வந்தா நம்ம வீட்டுல வந்து நம்மளையே வேலை வாங்குவாங்கப்பா. நமக்கு ஏத்த பொண்ணா இருந்தா போதும்" என்பார். பெண் வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் தொங்கிய அட்டையைத்தான் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தார். "உதவி! நல்ல வேலைம்மா. யாருக்கும் கெடுதல் இல்லாத வேலை" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். இது மாமியார் வைக்கிற சோதனை போலும் என்று பெண் பேசாமல் இருந்துவிட்டார்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முதல் நாள் இயக்குநர் பயிற்சி முடிந்து திரும்பினார். வாசலில் அவருடைய அட்டையை மாட்டிவிட்டார்கள். அதில் 'துறை' என்று இருந்தது. தன் அறைக்குள் நுழைந்தால், தன் நாற்காலியில் லிஃப்ட்காரர். எதிரே ஏதோ கையெழுத்துக்கு அந்தப் பெண். பக்கத்துச் சோபாவில், சம்பந்தம் பேச வந்த அவருடைய அப்பா.

"யாருய்யா இது?" என்று இயக்குநர் கத்தினார்.

"இயக்குநர் சார்" என்றார் கண்காணிப்பாளர்.

"அப்ப நான் யாரு?"

"நீங்கதான் சார் துறை!"

இயக்குநர் குனிந்து அட்டையைப் பார்த்தார். நான்தான் துறை என்ற எண்ணம் அவருக்கு வெகுநாளாகவே உண்டு. அதை அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டதில் அவர் கோபம் பாதி இறங்கிவிட்டது. இருந்தாலும் நாற்காலி வேண்டுமே. "இவன் நம்ம லிஃப்ட்காரன்யா! இந்தம்மா புது உதவி இயக்குநர், நான் பாத்து எடுத்த ஆளு!" என்றார்.

பெண்ணின் அப்பா எழுந்தார். "லிஃப்ட்டா!" என்றார். கோபத்தில் லிஃப்டில் ஏற மறுத்து ஐந்து மாடியும் படியில் இறங்கினார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. லிஃப்ட்காரரின் அம்மாவுக்குச் சேதி போனதும் மிஷினை நிறுத்திவிட்டு, "உதவின்னு சொல்லி அதிகாரியக் கொண்டு வந்து எந்தலையில கட்டப் பாத்தியே!" என்று அழுதார்.

அந்தப் பெண்ணும் லிஃப்ட்காரரும் லிஃப்டின் வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். நான் தற்செயலாகத் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நாலு தடவ சொன்னேனே மேடம்."

"நம்பற மாதிரி சொல்லல. இயக்குநர் லிஃப்ட்ல உக்காந்தா அது எளிமைன்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப அது வேலைன்னு தெரியுது."

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க கட்டுத் தூக்கினப்ப எனக்கு உங்க மேல பாவமா இருந்துச்சு. அதுலேருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது. இப்ப பாவப்பட என்ன இருக்கு?"

மூன்று நாள் அந்தப் பெண் படியில் ஏறிப் போனார். எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. நான் மட்டும் இல்லை, தூய்மை மேலாளர் முதல் இணை வரை யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் அந்தப் பெண் நேராக லிஃப்டுக்குள் வந்து நின்றார். உள்ளே நானும் இருந்தேன்.

"மூணாம் மாடி."

"சரிங்க மேடம்."

"எல்லாரும் நான் அதிகாரின்னு தெரிஞ்சதும் தலைய ஆட்றாங்க. யாரும் நான் சொல்றதக் கேக்கறதில்ல. நீங்க கேட்டீங்க."

"லிஃப்ட்ல வேற வழியில்லையே மேடம். கேட்டுத்தான ஆகணும்?"

அந்தப் பெண் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். லிஃப்ட் மூன்றைத் தாண்டி, என்னுடைய நாலையும் தாண்டி ஐந்துக்குப் போய், மறுபடி கீழே இறங்கியது. அன்று எனக்கு அரை மணி நேரம் தாமதம் போட்டார்கள்.

பெற்றவர்களைச் சமாதானப்படுத்தியது எங்கள் தட்டச்சரின் முறைதான். பெண்ணின் அப்பா சொந்தக்காரர்களிடம், "மாப்பிள்ளை இயக்குநர். மின்தூக்கின்னு புதுசா ஒரு பிரிவு" என்று சொல்லிக்கொண்டார். பையனின் அம்மா அக்கம்பக்கத்தில், "மருமக ஆபீஸ்ல உதவியா இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பொய் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. பதவி வித்தியாசம் மூன்று படிக்கு மேல் என்பதால் துறையின் அனுமதி வேண்டியிருந்தது. இயக்குநர் கோப்பில் 'மேலே' என்று எழுதினார், அந்தச் சுருக்கம் அவருக்கும் பிடித்துப் போயிருந்தது. மேலே அமைச்சகத்தில் அதைப் பற்றிக் கேட்பதற்கு யாரும் இல்லாததால் அனுமதி என்று கொள்ளப்பட்டது.

கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில். நாங்கள் பொதுநலன் கருதி அரைநாள் விடுப்புப் போட்டு ஒரு பஸ் நிறையப் போனோம். காதலுக்கு ஏது மேல் கீழ் என்று பஸ்ஸில் போகும்போதே எல்லோரும் பேசிக்கொண்டோம். கண்காணிப்பாளர்கூட ஒத்துக்கொண்டார்.

பெண் தரப்புச் சாட்சி என்று பதிவாளர் கேட்டதும் பதினான்கு பேர் எழுந்தோம். பேனாவுக்குத் தள்ளுமுள்ளு. இணைதான் ஜெயித்தார்.

"மாப்பிள்ளை தரப்புச் சாட்சி?"

யாரும் எழவில்லை. சாட்சிப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: 'மணமகனுக்கு நீர் எவ்வகையில் நெருக்கம்?' அதற்குப் பதில் எழுதி, கீழே பதவியோடு கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பதிவேட்டை நூறு வருஷம் வைத்திருப்பார்கள். லிஃப்ட்காரருக்கு நெருக்கம் என்று நூறு வருஷம் இருப்பதா? ஒருவர் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொன்னார். ஒருவர் வெளியே போன் பேசப் போனார். கண்காணிப்பாளர் கூரையைக் கண்காணித்தார். அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்த்ததே நான்தான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் என் கை மேலே வரவில்லை.

"நான் போடறேன்" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"பெத்தவங்க போடக் கூடாதும்மா. சாட்சி இல்லேன்னா இன்னிக்குப் பதிவு இல்ல. அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சு" என்றார் பதிவாளர்.

மாப்பிள்ளை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. யார் எந்த மாடி என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்த அம்மா நின்றபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது மணப்பெண் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒரு விஷயம். அடுத்த மாசத்துலேருந்து உங்க எல்லாருடைய வருஷ மதிப்பீட்டு அறிக்கையையும் நான்தான் எழுதறேன்."

நாற்காலிகள் கவிழ்ந்தன. இருபத்து மூன்று பேர் மாப்பிள்ளை தரப்பில் கையெழுத்துப் போட்டோம். படிவத்தில் இடம் போதாமல் தனித்தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. நெருக்கம் என்ற கட்டத்தில் கண்காணிப்பாளர் 'உயிர் நண்பர்' என்று எழுதினார். நான் 'உடன்பிறவா அண்ணன்' என்று எழுதினேன். மணமகன் பெயர் என்ற கட்டத்தை மட்டும் மாப்பிள்ளையிடமே கேட்டு நிரப்பும்படி பதிவாளரிடம் சொல்லிவிட்டேன்.

கூச்சல் அடங்கித் திரும்பிப் பார்த்தால், மாப்பிள்ளையும் எழுந்து கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அறிக்கை என்ற சொல் காதில் விழுந்ததும் அவரும் எங்களோடு சேர்ந்து எழுந்துவிட்டார் போலிருக்கிறது. மணப்பெண் அவரைப் பார்த்தார். மணப்பெண்ணின் கண்ணில் முதல் தடவையாக ஒரு பயம் தெரிந்தது.

"உக்காருங்க" என்றார், மிக மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி.

மாப்பிள்ளை சட்டென்று உட்கார்ந்தார். நாங்கள் இருபத்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாமியார் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பாவும் உட்கார்ந்தார். பதிவாளர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை எழுந்து உட்கார்ந்துகொண்டார்.